ஒறாபி பாஷா: அந்நியத் தலையீட்டுக்குப் பலியான தலைவரும் நமது கரையோரமும்

புத்தளம் கரையோரத்து முஸ்லிம்களுக்கு ஸாஹிறா என்ற பெயர் புதியதன்று. புத்தளம் நகரில் அப்பெயரில் ஒரு கல்லூரி இயங்குகிறது. நாட்டின் ஏனைய பல ஊர்களிலும் அப்பெயரைத் தாங்கிய பாடசாலைகள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் மூலமாக அமைந்தது 1892ஆம் ஆண்டு கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை அண்டி ஆரம்பிக்கப்பட்ட சிறிய மத்ரசாவாகும். அதன் தோற்றத்துக்கு ஆதரவு நல்கியவர்களுள் முதன்மையானவர் நாட்டை இழந்து, பதவியை இழந்து, மரண தண்டனையிலிருந்து தப்பி இங்கு கொண்டுவரப்பட்ட ஓர் எகிப்தியத் தளபதி. அவரே ஒறாபி பாஷா என நம்மவர்கள் அழைத்த அஹ்மத் உறாபி.

அவரது பெயரை நாம் அறிவோம். ஆனால் அவர் ஏன் இந்தத் தீவுக்கு வந்தார் என்பதை நம்மில் பலர் ஆழமாக நோக்குவதில்லை. கொடுங்கோல் ஆட்சியாளர் ஒருவர் அகற்றப்பட்ட பின்னர் ஒரு நாட்டினுள் அந்நிய வல்லரசுகள் எவ்வாறு நுழைகின்றன, நுழைந்த பின்னர் அந்நாட்டு மக்களின் இன, மத வேறுபாடுகளை எவ்வாறு கையாளுகின்றன என்பதற்கு அவரது வாழ்க்கை ஒரு பாடநூலாகும். 2003ஆம் ஆண்டில் ஈராக்கில் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர் 1882ஆம் ஆண்டின் எகிப்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

அஹ்மத் உறாபி 1841ஆம் ஆண்டு எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தையார் ஊரின் தலைவர். ஓரளவு மார்க்கக் கல்வியும் நில வசதியும் உடையவர். இளமையில் சில ஆண்டுகள் கெய்ரோவின் அல் அஸ்ஹரில் பயின்ற உறாபி, பதின்மூன்றாவது வயதளவில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் எகிப்து பெயரளவில் உதுமானிய சுல்தானுக்கு உட்பட்டதாயினும் முஹம்மது அலியின் வம்சத்தவரே அதனை ஆண்டனர். இராணுவத்தின் உயர் பதவிகள் யாவும் துருக்கிய, சர்க்கேசிய வம்சாவளியினரின் கைகளில் இருந்தன. மண்ணின் மைந்தரான அரபு மொழி பேசும் விவசாயிகளின் பிள்ளைகள் சாதாரண சிப்பாய்களாக மாத்திரமே இருக்க முடிந்தது.

ஸஈத் பாஷாவின் ஆட்சியில் இந்நிலை சற்றே மாறியது. உள்நாட்டவருக்கும் அதிகாரிப் பதவிகள் திறந்துவிடப்பட்டன. உறாபி பதினேழு வயதில் லெப்டினன்ட் ஆகவும், இருபது வயதளவில் லெப்டினன்ட் கேணல் ஆகவும் உயர்ந்தார். ஆனால் 1863இல் இஸ்மாயில் பாஷா ஆட்சிக்கு வந்ததும் கதவு மீண்டும் மூடப்பட்டது. பல ஆண்டுகள் உறாபிக்குப் பதவி உயர்வு கிட்டவில்லை. 1875, 1876ஆம் ஆண்டுகளில் எத்தியோப்பியா மீது எகிப்து தொடுத்த போரில் விநியோகப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், தகுதியற்ற தளபதிகளின் கீழ் ஏழைச் சிப்பாய்கள் அநியாயமாக மடிந்ததைக் கண்டார். அப்படுதோல்வி அவரது மனத்தில் ஆழப் பதிந்தது.

இஸ்மாயில் பாஷா சர்வ அதிகாரம் படைத்த ஆட்சியாளர். புகையிரதப் பாதைகள், கால்வாய்கள், மாளிகைகள் என அவர் கட்டியவை அநேகம். கட்டியவற்றுக்கான பணமோ ஐரோப்பிய வங்கிகளிலிருந்து கடுமையான வட்டிக்குப் பெறப்பட்டது. கடன் சுமை தாங்காது 1875இல் சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளைச் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசுக்கு விற்றார். அடுத்த ஆண்டே கடன் கொடுத்தோரின் நலன் காக்க ஒரு சர்வதேச ஆணைக்குழு கெய்ரோவில் அமர்ந்தது. 1878இல் எகிப்திய அமைச்சரவையிலேயே ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இடம்பெற்றனர். செலவைக் குறைப்பதற்காக ஏறத்தாழ 2500 இராணுவ அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வட்டி தவறாது செலுத்தப்பட்டது. சிப்பாயின் சம்பளமும் விவசாயியின் உணவுமே பறிபோயின.

ஐரோப்பியரின் பிடியிலிருந்து விடுபட இஸ்மாயில் முயன்றபோது, அதே வல்லரசுகள் சுல்தானை நெருக்கி 1879 ஜூன் மாதத்தில் அவரைப் பதவி நீக்கச் செய்தன. ஒரு கொடுங்கோலர் வீழ்ந்தார் என்று மக்கள் நிம்மதி அடைந்தனர். ஆனால் அவர் அகற்றப்பட்டது அவர் கொடுங்கோலர் என்பதற்காக அன்று. கடன் தவணைக்கு இடையூறாக நின்றார் என்பதற்காகவே. அவரது மகன் தௌபீக் அரியணை ஏறினார். பிரித்தானியாவும் பிரான்ஸும் இணைந்து நாட்டின் வருமானத்தையும் செலவையும் மேற்பார்வை செய்தன. மக்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. எசமானர்களின் எண்ணிக்கையே கூடியது.

இச்சூழலிற்றான் கேணல் உறாபி அரசியல் அரங்கில் தோன்றுகிறார். உள்நாட்டு அதிகாரிகளின் பதவி உயர்வைத் தடுக்க முனைந்த சர்க்கேசிய யுத்த அமைச்சருக்கு எதிராக அவரும் அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய இரு கேணல்களும் மனுச் சமர்ப்பித்தனர். 1881 பெப்ரவரி 1ஆம் திகதி விசாரணை என அழைக்கப்பட்டுக் கைது செய்யப்பட்ட மூவரையும் அவர்களது படையினரே திரண்டு வந்து மீட்டனர். அமைச்சர் பதவி இழந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி உறாபி தமது படைகளுடன் அப்தீன் மாளிகை முன் அணிவகுத்து நின்றார். அமைச்சரவை விலக வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் சபை கூட்டப்பட வேண்டும், இராணுவம் 18,000 பேராக விரிவாக்கப்பட வேண்டும் என்பன அன்றைய கோரிக்கைகள். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் அவை ஏற்கப்பட்டன.

உறாபியின் இயக்கம் வெறும் இராணுவக் கிளர்ச்சி அன்று. கிராமத் தலைவர்களும் நில உடைமையாளரும் அல் அஸ்ஹரின் அறிஞர்களும் அதில் இணைந்தனர். மேலும், அது ஒரு மதத்தவரின் இயக்கமாகவும் இருக்கவில்லை. முஸ்லிம்கள், கொப்திக் கிறிஸ்தவர்கள், யூதர்கள் என்ற பேதமின்றி எகிப்தின் மண்ணில் உழுது வாழும் அனைவருக்கும் உரியது என்றே அக்கால எகிப்திய தேசியக் கட்சியின் கொள்கைத் திட்டம் தன்னை அறிவித்துக்கொண்டது. ஐரோப்பியப் பத்திரிகைகளோ இதனை இஸ்லாமிய மதவெறி என்றும், கிறிஸ்தவர்களுக்கு ஆபத்து என்றும் வர்ணித்தன.

1881 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை கூடியது. வரவு செலவுத் திட்டத்தில், கடனுக்கென ஒதுக்கப்படாத பகுதியையேனும் வாக்கெடுப்புக்கு விடும் உரிமை தமக்கு வேண்டும் என்று அச்சபை கேட்டது. ஒரு நாட்டின் மக்கள் சபை தன் பணத்தைப் பற்றிப் பேசும் உரிமையை நாடியது குற்றமா? பிரித்தானியாவுக்கும் பிரான்ஸுக்கும் அது குற்றமாகவே தோன்றியது. 1882 ஜனவரி 8ஆம் திகதி இரு அரசுகளும் தௌபீக்கின் அதிகாரத்தைக் காக்கும் உறுதியை அறிவித்துக் கூட்டு எச்சரிக்கை விடுத்தன. அதன் விளைவு எதிர்மாறாயிற்று. மிதவாதிகளும் உறாபியின் பக்கம் சாய்ந்தனர். பெப்ரவரியில் கவிஞரும் தளபதியுமான மஹ்மூத் சாமி அல் பாரூதி பிரதமராகவும் உறாபி யுத்த அமைச்சராகவும் பொறுப்பேற்றனர்.

மே மாதத்தில் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் வந்து நின்றன. அக்கப்பல்களின் நிழலில் ஜூன் 11ஆம் திகதி அந்நகரில் கலகம் மூண்டது. மோல்டா தீவினர் ஒருவருக்கும் கழுதைச் சவாரிக்காரர் ஒருவருக்கும் இடையே தெருவில் ஏற்பட்ட வாய்த்தர்க்கமே அதன் தொடக்கம். மாலைக்குள் சுமார் 50 ஐரோப்பியரும், அவர்களினும் கூடிய தொகையான எகிப்தியரும் உயிரிழந்தனர். அமைதியை நிலைநாட்ட உறாபியின் படையினரே இறுதியில் அழைக்கப்பட்டனர். எனினும் பழி அவர் மீதே சுமத்தப்பட்டது. கடன் பற்றிய பிணக்கு ஒரே நாளில் கிறிஸ்தவரைக் காக்கும் புனிதக் கடமையாக உருமாறியது. அந்நாளைய பிரித்தானியப் பிரதமர் கிளாட்ஸ்டனின் சொந்த முதலீடுகளில் கணிசமான பங்கு எகிப்தியக் கடன் பத்திரங்களில் இருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் அதில் பங்கேற்காது விலகிச் சென்றன. தௌபீக் தம் மக்களைக் கைவிட்டுப் பிரித்தானியரின் பாதுகாப்பை நாடினார். அம்மாத இறுதியில் கெய்ரோவில் கூடிய பெருஞ்சபை, தௌபீக்கின் கட்டளைகளை ஏற்பதில்லை என்றும் நாட்டின் பாதுகாப்பை உறாபியிடம் ஒப்படைப்பதென்றும் தீர்மானித்தது. அல் அஸ்ஹரின் தலைமை அறிஞரோடு கொப்திக் திருச்சபையின் பிதாப்பிதாவும் யூத மதத் தலைவரும் அச்சபையில் ஒன்றாக நின்றனர். மதவெறி இயக்கம் என்று உலகுக்குச் சொல்லப்பட்டதன் உண்மை முகம் இதுவே.

ஆயினும் ஒற்றுமையில் விரிசல்களும் இருந்தன. செல்வந்தர் சிலர் தௌபீக்கின் பக்கம் சென்றனர். பாலைவனத்துக் குலத் தலைவர்கள் சிலரைப் பிரித்தானியப் பணம் வாங்கியது. சுயெஸ் கால்வாயின் நடுநிலைமை காக்கப்படும் என்று லெசெப்ஸ் அளித்த உறுதியை நம்பி உறாபி அக்கால்வாயை அடைக்காது தாமதித்தார். ஆகஸ்ட் மாதத்தில் அதே கால்வாய் வழியாகப் பிரித்தானியப் படை உள்ளே வந்தது. முஸ்லிம்களின் கலீபா என்று உறாபி மதித்த சுல்தான் அப்துல் ஹமீதே செப்டெம்பர் முற்பகுதியில் அவரைக் கிளர்ச்சியாளர் எனப் பிரகடனம் செய்தார். எதிரியின் பீரங்கியிலும் பார்க்க அப்பிரகடனமே எகிப்தியச் சிப்பாயின் மனத்தைக் கூடுதலாக உடைத்தது எனலாம்.

1882 செப்டெம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில் தெல் அல் கபீர் என்ற இடத்தில் எல்லாம் முடிந்தது. இரவோடிரவாக முன்னேறிய வூல்ஸ்லி தளபதியின் படைகள் சுமார் ஒரு மணித்தியாலத்துக்குள் எகிப்தியரின் அரண்களைக் கைப்பற்றின. அப்படைகளுள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரிவுகளும் இருந்தன. ஓர் அடிமை நாட்டின் சிப்பாய்கள் மற்றொரு நாட்டை அடிமையாக்க அனுப்பப்பட்டனர். சில நாட்களில் எகிப்திய இராணுவம் கலைக்கப்பட்டதாகத் தௌபீக்கின் ஆணை வெளிவந்தது.

உறாபிக்கு மரண தண்டனையே காத்திருந்தது. வில்பிரட் பிளண்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் தமது செலவில் வழக்கறிஞர்களை அனுப்பினார். அதன் பயனாகத் தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. உறாபி, பாரூதி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, துல்பா இஸ்மத், மஹ்மூத் பஹ்மி, யஃகூப் சாமி ஆகிய எழுவரும் குடும்பத்தினருடன் 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தனர். அவர்களைக் காண முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினர்.

அவ்வேளை இலங்கை முஸ்லிம்களிடையே விழிப்பு அரும்பத் தொடங்கியிருந்தது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் பத்திரிகையை ஆரம்பித்திருந்தார். எகிப்தியச் செய்திகள் அதில் தமிழிலேயே நம்மவர்களை அடைந்தன. 1885இல் சித்திலெப்பை வெளியிட்ட அசன்பே சரித்திரம் என்ற நாவல், தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. அதன் கதை எகிப்தோடு தொடர்புடையது. கெய்ரோவின் துயரத்தை அக்கால முஸ்லிம்கள் உணர்ந்தது தமிழ் மொழியின் வழியாகவே என்பதைத் தமிழ் பேசும் இரு சமூகத்தவரும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒறாபி பாஷா இங்கு அரசியல் செய்யவில்லை. செய்ய அனுமதியும் இல்லை. ஆனால் தாம் கற்ற பாடத்தை அவர் பகிர்ந்துகொண்டார். நவீன கல்வியில்லாத சமூகம் பிறர் கையில் கருவியாகும் என்பதே அப்பாடம். மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் நவீன பாடங்களும் கற்பிக்கப்பட வேண்டும் என்ற சித்திலெப்பையின் முயற்சிக்கு அவரது ஆதரவு பெரும் பலமாயிற்று. அம்முயற்சி 1892இல் ஸாஹிறாவாக மலர்ந்தது. பாஷாக்கள் அணிந்த துருக்கித் தொப்பி இலங்கை முஸ்லிம்களின் மரியாதைச் சின்னமாயிற்று. நீதிமன்றத்தில் அதனை அணியும் உரிமைக்காக 1905ஆம் ஆண்டளவில் ஒரு போராட்டமே நிகழ்ந்தது.

நாடுகடந்த வாழ்க்கையில் கசப்பும் இருந்தது. எழுவரிடையே மனஸ்தாபங்கள் தோன்றின. தோல்விக்கு யார் காரணம் என்ற விவாதம் நட்பைக் குலைத்தது. அப்துல் ஆல் 1891இல் கொழும்பில் காலமானார். மஹ்மூத் பஹ்மியும் யஃகூப் சாமியும் கண்டி மண்ணிலேயே உயிர் நீத்தனர். பார்வை மங்கிய பாரூதி 1899இல் நாடு திரும்பினார். இத்தீவில் அவர் இயற்றிய கவிதைகள் நவீன அரபு இலக்கியத்தின் செல்வமாயின. கண்டிக்குக் குடிபெயர்ந்த ஒறாபி வாழ்ந்த இல்லம் 1983இல் அவரது நினைவாகக் கலாசார நிலையமாக்கப்பட்டது.

1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் இலங்கை வந்தபோது ஒறாபி மன்னிப்பு வேண்டி மனுச் செய்தார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் தாயகம் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அங்கு அவரை வரவேற்க எவரும் இல்லை. பிரித்தானியருக்கு அவர் நன்றி தெரிவித்தமை புதிய தலைமுறைத் தேசியவாதிகளுக்குச் சினமூட்டியது. ஆக்கிரமிப்பைக் கொண்டுவந்தவர் என்று முஸ்தபா காமிலின் அணியினர் அவரைத் தூற்றினர். 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் கெய்ரோவில் காலமானார். 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அவரது பெயருக்கு உரிய இடம் கிடைத்தது.

அவர் மறைந்த அதே 1911ஆம் ஆண்டில் எகிப்தில் கொப்திக் கிறிஸ்தவர் ஒரு மாநாடும், அதற்குப் பதிலாக முஸ்லிம்கள் முன்னின்ற வேறொரு மாநாடும் நடத்தப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது. 1882இல் ஒரே சபையில் நின்றவர்களின் பிள்ளைகள், அந்நிய ஆட்சியின் கீழ் இரு மண்டபங்களில் பிரிந்து நின்றனர். 1919ஆம் ஆண்டுப் புரட்சியில் பிறையையும் சிலுவையையும் ஒரே கொடியில் ஏந்தி அவர்கள் மீண்டும் ஒன்றிணைந்தனர். ஆயினும் 1922இல் பெயரளவிலான சுதந்திரத்தை வழங்கிய பிரித்தானியா, சிறுபான்மையினரைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தனிப் பிரதிநிதித்துவம் வேண்டாம் என்று கூறிய கொப்திக் தலைவர்கள் பலர் அப்பொறியை இனங்கண்டவர்கள். விரைவில் வெளியேறுவதாகச் சொல்லி 1882இல் நுழைந்த படைகளின் கடைசிச் சிப்பாய் 1956இல் தான் வெளியேறினார்.

ஈராக்கின் கதையை இதனருகே வைத்துப் பார்ப்போம். சதாம் ஹுசைனின் ஆட்சி கொடிது என்பதில் ஐயமில்லை. குர்திஷ் மக்களும் ஷியா முஸ்லிம்களும் அதன் கீழ் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. ஆனால் 2003இல் படையெடுத்தோர் அத்துயரத்தைத் துடைக்க வரவில்லை. மே மாதத்தில் ஈராக்கிய இராணுவம் ஒரே ஆணையில் கலைக்கப்பட்டது. ஜூலையில் அமைக்கப்பட்ட 25 பேர் கொண்ட ஆளும் சபையில் ஷியாக்கள் 13, சுன்னி அரபிகள் 5, குர்திஷ்கள் 5, துருக்மேனியர் 1, அசீரியர் 1 என ஆசனங்கள் பங்கிடப்பட்டன. குடிமகன் என்ற அடையாளம் பின்தள்ளப்பட்டுப் பிரிவு என்ற அடையாளம் அரசியலின் நாணயமாயிற்று. 2006 பெப்ரவரியில் சாமராப் பள்ளிவாசல் தகர்க்கப்பட்டதும் அயலவர் அயலவரைக் கொன்றனர். 2014இல் மோசுல் நகர் தீவிரவாதிகளிடம் வீழ்ந்தது. 2019 ஒக்டோபரில் பக்தாதிலும் தென்பகுதி நகரங்களிலும் வீதிக்கிறங்கிய இளைஞர்கள் இந்தப் பங்கீட்டு அரசியலையே எதிர்த்தனர். நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கொடுத்தனர். அவர்கள் கேட்டது ஒரு பிரிவின் வெற்றியை அன்று, ஒரு நாட்டை.

இவை தூர தேசத்துக் கதைகள் என நாம் ஒதுக்கிவிட முடியாது. கல்பிட்டியில் 1667இல் எழத் தொடங்கிய ஒல்லாந்தர் கோட்டை இன்றும் நிற்கிறது. போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். உதவிக்கு வந்தோர், போர்த்துக்கேயரை அகற்றியதும், கண்டி இராச்சியத்தின் புத்தளம் வாணிபத்தை நெரிக்கும் வண்ணம் அக்கோட்டையை எழுப்பினர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று நம் நாட்டவர் இதனைச் சொல்வது வழக்கம். 1987இல் இரு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோது அங்கு வாழ்ந்த முஸ்லிம்களிடம் எவரும் கேட்கவில்லை. அமைதி காக்க வந்த படை 1990 மார்ச்சில் வெளியேறியது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து படகேறிய ஆயிரக்கணக்கானோர் கல்பிட்டிக் கரையில் இறங்கினர். அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இக்கரையோரத்தில் இன்றும் வாழ்கின்றனர்.

2019 மே மாதத்தில் சிலாபத்தில் முகநூல் பதிவொன்றைச் சுற்றி எழுந்த பிணக்கு, மறுநாள் கொட்டாரமுல்லையில் ஓர் உயிரைப் பலிகொள்ளும் அளவுக்குச் சென்றது. அலெக்சாந்திரியாவின் கழுதைச் சவாரிக்காரரை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. தெருச் சண்டைகள் எங்கும் நிகழும். அவற்றை இன யுத்தமாகவும் மத யுத்தமாகவும் மாற்றுவதற்கு வேறு தேவைகள் உள்ளவர்கள் வேண்டும்.

ஒறாபி பாஷா குறையற்றவர் அல்லர். நம்பத் தகாதோரை நம்பினார். வாளேந்திய கையே அரசியலையும் நடத்தலாம் என்ற வழக்கத்துக்கு அவரும் ஒரு வழி திறந்தார். பிற்கால அரபு நாடுகள் அதற்குப் பெருவிலை கொடுத்தன. ஆனால் உள்நாட்டுக் கொடுங்கோன்மையையும் அந்நியத் தலையீட்டையும் ஒரே வேளையில் எதிர்க்க முடியும் என்பதை அவர் காட்டினார். ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றைத் தழுவுவதே இன்று பல நாடுகள் செய்யும் தவறு. அந்நியத் தலையீட்டைக் கண்டிக்கும் நாம், உள்ளூர்க் கொடுமைக்கு உள்ளான சிறுபான்மையினரின் குரலுக்கும் செவிசாய்க்க வேண்டும். அக்குரல் கேட்கப்படாத இடத்திலேயே அந்நியர் காவலர் வேடத்தில் வந்து நிற்கின்றனர்.

உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பும், தலவிலயில் புனித அன்னாள் திருவிழாவும், கல்பிட்டிப் பள்ளிவாசல்களின் பாங்கொலியும் ஒரே கடற்காற்றில் கலக்கும் கரையோரம் இது. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே களப்பில் வலை வீசுகின்றனர். எல்லைப் பிணக்காயினும் காணிப் பிணக்காயினும், அதனைத் தமக்குள் பேசித் தீர்க்கும் ஆற்றலை இவர்கள் இழக்காதிருப்பதே முக்கியம். அந்த ஆற்றலை இழந்த தேசத்தின் தலைவர் ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் இத்தீவில் காத்திருந்தார். அவர் ஆதரித்து வளர்த்த கல்வி நிலையத்தின் பெயரைத் தாங்கும் பாடசாலைகளில், அவரது வரலாறும் முழுமையாகக் கற்பிக்கப்படுவது அவருக்கு நாம் செலுத்தும் தகுந்த நன்றியாகும்.